உப்புத்தாள்

திருநீற்றுப் புதன் பூசை முடிந்து
நெற்றிச் சாம்பல் உதிருமுன்னே
மனையாவெளிச் சந்திக் கடையில்
உப்புத்தாள் வாங்கினேன், நாலு.
"வள்ளத்துக்கோ?" என்றான் கடைக்காரன்.
ஓம் என்றேன்.
அதுவும் பொய்தான் ஆண்டவரே,
ஆனால் சின்னது,
இருபது வருடப் பொய்யின் வாலில் தொங்குவது.

உமக்குத் தெரியும்.
நத்தாருக்கு அடுத்த நாள்
கடல் தெருவரை வந்து திரும்பிய பின்
தாழம்பற்றைக்குள் தலைகீழாய்க் கிடந்தது
பதினைந்து குதிரை எஞ்சின் ஒன்று.
என் வள்ளம் இரண்டாய்ப் பிளந்திருந்தது.
என் பிள்ளைகள் மூன்று பேருக்கும் உயிர் இருந்தது.
உமக்கு நன்றி சொல்லிக்கொண்டேதான்
அதைத் தோளில் தூக்கினேன்.

தகட்டில் இருந்த எண்ணைப் பார்த்ததும்
ஆருடையது என்று தெரிந்துவிட்டது.
கஸ்பார் அதை வாங்கியபோது
வங்கியில் பிணை நின்றவன் நான்தானே.
கஸ்பாரைக் கடல் திருப்பித் தரவில்லை.
நீலப் பெயின்ற் அடித்தேன், மூன்று பூச்சு.
கடல் தந்தது என்று ஊருக்குச் சொன்னேன்.
ஒரு தரம், வெறியில்,
ஆண்டவர் தந்தது என்றும் சொல்லிப்போட்டேன்.

ஒவ்வொரு தவக்காலமும்
பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழந்தாளிட்டு
கோபத்தைச் சொன்னேன், சாராயத்தைச் சொன்னேன்.
சூடையை மேலே பரப்பிக் காட்டிவிட்டு
பாரையை ஐஸ்பெட்டியின் அடியில் வைத்திருந்தேன்.
தந்த செபங்களைத் தண்டப்பணம் போலக் கட்டினேன்.
போன சனி மட்டும், புதிதாய் வந்த இளம் சுவாமி
"வேறே?" என்று கேட்டார்.
கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார்.
கோணமலை மணி கேட்டது.
மதிலோரம் மானொன்று
பொலித்தீன் பையை மென்றுகொண்டு நின்றது.
அவர் இன்னும் பேசாமல் இருந்தார்.
வேறே ஒன்றுமில்லை என்று எழும்பி வந்தேன்.

இன்று தேய்த்தேன்.
பிஸ்டன் மாற்றியிருக்கிறேன், காற்றாடி மாற்றியிருக்கிறேன்,
எண்ணை மட்டும் மாற்ற முடிந்ததில்லை.
முதலில் ஏழு வந்தது.
பிறகு பூச்சியம்.
பிறகு பார்க்கத் தேவைப்படவில்லை.
வியர்வையோடு நெற்றிச் சாம்பல் வழிந்து
நீலத் தூளில் கலந்தது.

ஓட்டோவில் ஏற்றி
மூன்று ஒழுங்கை தள்ளிப் போய் இறக்கினேன்.
எமல்டா பள்ளிக்கூடச் சட்டைகளுக்குப்
பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.
எஞ்சினைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.
நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுச் சொன்னாள்:

"வந்த கிழமையே தெரியும், பிலேந்திரன்.
மூண்டுதரம் இருமித்தானே ஓடும்.
விடியப்புறம் மூண்டரைக்கு அது இரும, எழும்புவன்.
முதல் வருசம் செபமில்லை, சாபம்தான்.
எப்ப மாறினது எண்டு எனக்கே தெரியாது.
நீ கரைக்கு வருமட்டும்
செபமாலை கையிலை கிடக்கும்."

அடித்திருந்தால் வாங்கியிருப்பேன்.
காறித் துப்பியிருந்தால் துடைத்துக்கொண்டு
கணக்குத் தீர்ந்ததென்று வீட்டுக்குப் போயிருப்பேன்.
இதை எங்கே வைப்பது ஆண்டவரே?
புயல் எச்சரிக்கை வந்த இரவுகளிலும்
நான் அவளுடைய விரல்மணிகளில்தானா மிதந்தேன்?
மனந்திரும்பி உம்மிடம் வருகிறேன் என்று
நெஞ்சு நிமிர்த்தித்தான் வந்தேன்.
நீர் எனக்கு முன்னமே அங்கே போயிருந்து
பொத்தான் தைத்துக்கொண்டிருக்கிறீர்.

"உதிலை வை" என்றாள்.
"நாளைக்குத் தொழிலுக்கு எதிலை போவாய்?"

பதில் இல்லை. இன்னும் இல்லை.
மூன்றரை ஆகிவிட்டது.
கடல் பக்கம் ஒரு இருமலும் இல்லை.
பழக்கத்தில் அவளும் விழித்திருப்பாள்.
இருட்டில் என் பங்குக்கு
நான் ஒன்று தொடங்கிப் பார்க்கிறேன்,
சொல் வரவில்லை,
நகக்கண்ணில் நீலம்.